தூக்கிக் காட்டிய அலை

எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போகிற இடத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மேடம், மதியத்துக்கு சைவமா, அசைவமா?" வேன் கல்லூரி கேட்டுக்குள் திரும்புவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எந்திரங்கள் ஓடுகின்றனவா என்றெல்லாம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கோழியா, கத்தரிக்காயா என்பது தெரிந்தால் பாதிப் பரீட்சை முடிந்த மாதிரி.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறவள். செமஸ்டர் முடிவில் பல்கலைக்கழகம் என்னை வேறு கல்லூரிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடத்த அனுப்பும். வெளியிலிருந்து ஓர் ஆள், அந்தக் கல்லூரியிலேயே வேலை பார்க்கும் இன்டர்னல் என்று ஓர் ஆள். இரண்டு பேரும் சேர்ந்து மதிப்பெண் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் அது செல்லும். விதி அப்படி. வழக்கம் வேறு. வெளியாள் வந்து காப்பி குடிக்க வேண்டும், லேபை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், சாப்பிட வேண்டும், உள்ளாள் பென்சிலால் போட்டு வைத்திருக்கிற எண்களின் மேல் பேனாவை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர வேண்டும். இதைச் செய்யாத எக்ஸ்டர்னலுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு வைத்த பெயர் 'அந்தக் கோட்டிக்காரப் பொம்பள'; கோட்டி என்றால் பைத்தியம். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் அனுப்பிய கல்லூரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பெயர் எதற்கு? பாலத்தின் மேல் வேன் போகும்போது கீழே தாமிரபரணியில் டவுண் சாக்கடை வந்து விழுகிற இடத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டே சைவமா அசைவமா என்று கேட்டார். சைவம் என்றேன். அன்றைய நாளின் நாற்றம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், மடச்சி.

இன்டர்னல் வாசலுக்கே வந்து கும்பிட்டார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் தோளுக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிற மாதிரி அங்கே பார்த்துச் சிரிப்பார். "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம்" என்றார். என்ன கேள்விப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். சீட்டில் வந்த சோதனையைச் செய்து காட்ட வேண்டும். நான்கு பேருக்கு க்ளாம்பர் வந்தது. மூன்று பையன்கள், ஒரு பெண். அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

க்ளாம்பர் ஓர் ஏழைச் சர்க்யூட். ஒரு கெப்பாசிட்டர், ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், முடிந்தது. பூஜ்யத்துக்கு மேலும் கீழும் சமமாக ஏறி இறங்குகிற ஓர் அலையை உள்ளே விட்டால், அதன் வடிவத்தைத் தொடாமல் அப்படியே அலாக்காகத் தூக்கிப் பூஜ்யத்தின் மேல் உட்கார வைக்கும். டையோடைத் திருப்பிப் போட்டால் கீழே இறக்கித் தொங்க விடும். தூக்கியதா இல்லையா என்பதைத்தான் சோதனையில் பார்க்க வேண்டும். வேறு எதுவுமே இல்லை அதில்.

பார்ப்பதற்கு ஆஸிலோஸ்கோப். எங்கள் லேப்களில் அதை சிஆர்ஓ என்போம். அதன் முகத்தில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். ஏசி, கிரவுண்ட், டிசி என்று மூன்று நிலை. டிசியில் வைத்தால் வருவது வந்தபடி தெரியும். கிரவுண்டில் வைத்தால் பூஜ்யம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு கோடு காட்டும். ஏசியில் வைத்தால், அந்தப் பெட்டி தனக்குள் இருக்கும் ஒரு கெப்பாசிட்டரால் அசையாத மின்னழுத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஆடுகிற பகுதியை மட்டும் உள்ளே விடும். க்ளாம்பர் பாடுபட்டுச் சேர்த்தது அந்த அசையாத பகுதியைத்தானே? அதை வாசலில் நிறுத்திவிட்டால் அலை பழையபடி பூஜ்யத்துக்கு நடுவில் வந்து நிற்கும். பிள்ளையை ஸ்டூலில் ஏற்றிவிட்டு, ஸ்டூலுக்கு மேலே மட்டும் அளந்து பார்த்து, உயரமே கூடவில்லை என்று சொல்கிற மாதிரி. சர்க்யூட் ஒழுங்காக வேலை செய்யும், திரை மட்டும் இல்லை என்று சாதிக்கும்.

முதல் பெஞ்சுப் பையன் உற்சாகமாக இருந்தான். அவன் திரையில் அலை பூஜ்யக் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கச்சிதம்தான் எனக்கு உறுத்தியது. நிஜ க்ளாம்பரில் அலையின் அடி கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கித்தான் நிற்கும். டையோடு திறப்பதற்குத் தன் பங்கைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். புத்தகத்துப் படத்தில்தான் ஒட்டினாற்போல உட்காரும்.

"இன்புட்டைக் காமி" என்றேன்.

வயரை எடுத்து இன்புட்டில் வைத்தான். அலை இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்திருந்தது. அவன் சாவகாசமாகக் கையை நீட்டி ஒரு நாப்பை, திருகு குமிழை, திருப்பினான். அலை பைய இறங்கி நடுவில் வந்து நின்றது.

"அது என்னலே திருப்புத?"

"பொசிஷன் மேம். இன்புட்டுக்குக் கீழ வைக்கணும், அவுட்புட்டுக்கு மேல வைக்கணும். அப்பதான் க்ளாம்ப் ஆவும்."

ஒளிவுமறைவு துளிகூட இல்லை அவன் முகத்தில். திரையில் தெரிகிற படத்தை மேலும் கீழும் நகர்த்துவதற்காக இருக்கிற நாப் அது. டிவியைச் சுவரில் கொஞ்சம் ஏற்றி மாட்டுவது மாதிரிதான். அதைத் திருப்பினால் படம் மட்டுமல்ல, பூஜ்யமும் சேர்ந்தே நகரும். கண்ணாடியில் அச்சடித்திருக்கும் கோடு இருந்த இடத்திலேயே இருப்பதால், அதுதான் பூஜ்யம் என்று இந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. "சரி, சர்க்யூட்டை எடுத்துரு. சிக்னல் ஜெனரேட்டர்லருந்து நேரா ஒரு வயரை மட்டும் சிஆர்ஓவுக்குக் குடு" என்றேன். கொடுத்தான். "இப்ப க்ளாம்ப் பண்ணு."

நாப்பைத் திருப்பினான். அலை ஏறிக் கோட்டில் உட்கார்ந்தது. அவனுக்கே ஆச்சரியம். "இதுவும் ஆவுது மேம்!" என்றான்.

"வெறும் வயரே க்ளாம்ப் பண்ணுதுன்னா அப்புறம் சர்க்யூட்டு எதுக்குலே?"

கொஞ்சம் யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான். "ரெக்கார்டுல வரையணும்லா மேம்" என்றான்.

சிரிப்பு அத்தோடு போயிற்று. குனிந்து சிஆர்ஓவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சின்னச் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். ஏசி. பக்கத்து பெஞ்சில் பார்த்தேன். டேப். அடுத்ததில் பார்த்தேன். டேப். லேபில் இருந்த எல்லாப் பெட்டிகளின் வாயிலும் பிளாஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள்.

இன்டர்னலைக் கூப்பிட்டேன். "இது என்ன சார்?"

"அதா மேடம்? ஒரு தடவ இன்ஸ்பெக்ஷன் வந்தப்ப எவனோ ஒரு பய டிசில வச்சுட்டுப் போயிட்டான். பெரிய ஆளுங்க வந்து நிக்காங்க, கோடு ஸ்க்ரீனை விட்டே ஓடிப் போச்சு. 'மெஷினு ரிப்பேரா'ன்னு கேட்டுட்டாங்க. எனக்கு மானம் போயிட்டு. மறுநாளே எல்லாத்தையும் ஏசில வச்சு ஒட்டிட்டேன். இப்ப யாரு வந்தாலும் படம் நடுவுலயே நிக்கும்."

"க்ளாம்பர்?"

"மறு வருஷம் வரல. ஒருத்தன் பொசிஷனைத் திருப்பிப் பாத்தான், வந்துட்டு. அதையே ப்ரொசீஜர்ல சேத்துட்டோம்."

எத்தனையோ கல்லூரிகளில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ரெக்கார்டைப் பார்த்துப் படம் வரைவார்கள்; ஓடாத எந்திரத்தின் முன்னால் நின்று ரீடிங் எழுதுவார்கள். அவர்களுக்குத் தாங்கள் திருடுகிறோம் என்றாவது தெரியும். இங்கே திருட்டைப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் கைசுத்தமாக நின்று பொய்யைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சீ, என்ன பிழைப்பு இது என்றிருந்தது. அந்த மனுஷனோ, மானம் காத்த கதையைச் சொன்ன திருப்தியில் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

கடைசி பெஞ்சுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் திரையில் அலை தூக்கப்படாமல் நடுவில் கிடந்தது. கிராஃப் தாளில் இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒரே மாதிரி வரைந்திருந்தாள். கீழே, அவுட்புட் உயரவில்லை, இன்புட்டைப் போலவே இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்டர்னல் முந்திக்கொண்டார். "இவ அரியர் கேஸு மேடம். போன செமஸ்டர்லயும் இதே க்ளாம்பர்தான் வந்துச்சு, இதே மாதிரிதான் எழுதி வச்சா. சொன்னாக் கேக்க மாட்டா. வீம்பு. பெயிலாப் போட்டாச்சு, அப்பவும் திருந்தல."

"நீ ஏன்டா கண்ணு நாப்பைத் திருப்பல?" என்று கேட்டேன்.

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "திருப்புனா ஏறும் மேம். ஆனா அது நான் ஏத்துனது. சர்க்யூட்டு ஏத்தல. என் சர்க்யூட்டுல என்னமோ தப்பு இருக்கு. பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுப் பாத்துட்டேன், எங்கன தப்புன்னு தெரியல."

பயப்படுகிற குரல்தான், ஆனால் சொல்லிவிட்டாள்.

அவள் சர்க்யூட்டைத் துளைகளில் செருகியிருந்த பிரெட்போர்டைப் பார்த்தேன். கெப்பாசிட்டர் சரி. டையோடு சரியான பக்கம். ரெசிஸ்டர் சரி. ஒரு தப்பும் இல்லை. போன செமஸ்டரும் இதே மாதிரித்தான் போட்டாயா என்று கேட்டேன். இதே மாதிரித்தான் மேம் என்றாள். தொடர்ந்து, கேட்காமலே மெதுவாகச் சொன்னாள்: "திங்கக்கிழமை கேம்பஸுக்குக் கம்பெனி வருது மேம். அரியர் இருந்தா உள்ளயே விட மாட்டாங்க. எனக்கு இந்த ஒரு அரியர்தான். இதுலயும் போச்சுன்னா எங்கம்மா என்னைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவா."

அம்மா மலைமேல் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட்டில் வேலை நிற்கப் போகிறது, லயன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகப் போகிறாள். மகளுக்கும் சேர்த்து அங்கே சொல்லி வைத்தாயிற்று. செல்போனைப் பார்த்துப் பார்த்துத்தான் இவள் பெயிலானாள் என்று அம்மாவுக்கு முடிவு. ஆறு மாதமாக மகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதெல்லாம் அந்தப் பெண் மூச்சு விடாமல் சொன்னாள். இன்டர்னல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டேப்பில் நகத்தை வைத்தேன்.

"மேடம், மேடம், அது காலேஜ் ப்ராப்பர்ட்டி..."

"சும்மா இருங்க சார்."

வெயிலில் வெந்து வெந்து டேப்பின் பசை உருகித் தார்க்கீல் மாதிரி ஆகியிருந்தது. உரிக்க உரிக்க நகத்துக்குள் போய் ஒட்டியது. பிசுக்குப் பிடித்த தலைமயிரைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஓர் அருவருப்பு. ஒரு வழியாகச் சுவிட்ச் வெளியே வந்தது. கிரவுண்டில் வைத்தேன், வெறும் கோடு வந்தது. அதைத் திரையின் நடுக்கோட்டில் பொருத்தினேன். "இதுதான் பூஜ்யம். இனி நாப்பை யாரும் தொடக் கூடாது" என்றேன். பிறகு சுவிட்சை அவளையே தள்ளச் சொன்னேன்.

டிசிக்குத் தள்ளினாள். அலை துள்ளி மேலே ஏறிப் போய் நின்றது. அடி மட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கி, நிஜ க்ளாம்பரில் நிற்க வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது.

"ஏறிட்டு!" என்றான் பக்கத்து பெஞ்சுப் பையன்.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏசிக்குத் தள்ளினாள், விழுந்தது. டிசிக்குத் தள்ளினாள், ஏறியது. மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்திருந்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மேம், அப்ப போன தடவையும் என் சர்க்யூட்டு சரியாத்தான் இருந்துச்சா?"

இதே மாதிரிப் போட்டிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் இன்டர்னலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பாடு ஆறிரும் மேடம்" என்றார்.

மற்ற மூன்று பேருடைய பெட்டிகளிலும் டேப்பை உரித்தேன். முதல் பெஞ்சு உற்சாகக்காரன் சர்க்யூட்டைத் திரும்ப மாட்டினான். அவனுடையதில் டையோடு தலைகீழ். டிசியில் வைத்ததும் அலை கீழே போய்த் தொங்கியது. இன்னொருவனுக்கு டையோடின் கால் துளைக்குள் இறங்கவே இல்லை. அலை நடுவிலேயே கிடந்தது. மூன்றாமவனுடையது சுமாராக ஏறியது. இந்த மூன்று பேரும்தான் இன்டர்னலின் பென்சில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கி வைத்திருந்தார்கள். சரியாகப் போட்டவள் பெயிலில் இருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு மேஜையில் வாழையிலை, சொதி, இஞ்சிப் பச்சடி, பாயசம் என்று கல்யாணப் பந்தி போட்டிருந்தார்கள். நகத்துக்குள் இருந்த கீல் சோப்புப் போட்டும் போகவில்லை. சொதியில் கை வைத்ததும் டேப் வாசனைதான் வந்தது. இன்டர்னல் என் இலைக்கு அப்பளம் வைக்கச் சொல்லிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். எல்லாத்துக்கும் பாஸ் போட்டுருவோம். அந்தப் பிள்ளைக்குந்தான். டேப்பு சமாச்சாரம் நமக்குள்ள இருக்கட்டும்."

"மதியம் எல்லாரும் மறுபடி செய்யட்டும். டேப்பு இல்லாம. எது வருதோ அதுக்கு மார்க்."

"வராதே மேடம் பயலுவளுக்கு."

"வரும். தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சா திருத்திக்கிடுவாங்க. இவ்வளவு நாளும் தப்பைத் தெரிய விடலியே நீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தனக்கு அந்தச் சுவிட்ச் எதற்கு என்று தெரியுமா தெரியாதா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. தெரிந்து செய்திருந்தால் அயோக்கியத்தனம், தெரியாமல் செய்திருந்தால் அதைவிடக் கேவலம். எது என்று கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

மதியம் பையன்கள் செய்தார்கள். டையோடைத் தலைகீழாகப் போட்டிருந்தவன் திரையைப் பார்த்ததும் தானே "அய்யோ, திருப்பிப் போட்டுட்டேன் மேம்" என்று சொல்லி மாற்றினான். அலை ஏறியபோது கையைத் தட்டினான். கால் இறங்காதவன் கொஞ்ச நேரம் திணறிக் கண்டுபிடித்தான். ஒருவனும் முட்டாள் இல்லை. முட்டாளாக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் காலையிலேயே முடித்துவிட்டதால் வைவாவில் நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். ஏசியில் ஏன் விழுகிறது என்று கேட்டேன். சிஆர்ஓவுக்குள்ளேயும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும் போல மேம், அது சர்க்யூட் ஏற்றி வைத்ததைத் தடுத்துவிடுகிறது என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. காலையில் தள்ளித் தள்ளிப் பார்த்ததிலிருந்து சொன்னாள். முழு மதிப்பெண் போட்டேன்.

நான் கையெழுத்து வைத்துவிட்டுத் தாளை இன்டர்னல் பக்கம் தள்ளினேன். அவர் பையன்களின் பெயர்களுக்கு எதிரே வரிசையாகக் கையெழுத்து வைத்துக்கொண்டே வந்தார். அவள் பெயருக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இவளுக்கு யோசிக்கணும் மேடம். லேப் டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குல்லா? போன தடவையும் எதிர்த்து எழுதுனா, இந்தத் தடவையும் எழுதுனா. இப்ப டேப்பு வேற கிழிஞ்சு போச்சு."

"டேப்பைக் கிழிச்சது நான்."

"நீங்க கெஸ்ட்டு. உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது." என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். "ஒரு சாரி சொல்லட்டும். வச்சுருதேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "சாரியா? நீங்கல்லா சார் அவகிட்டக் கேக்கணும்! ஆறு மாசத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கிய. யூனிவர்சிட்டிக்கு எழுதுதேன்" என்று கத்தினேன்.

அவர் பதறவே இல்லை. "எழுதுங்க மேடம், தாராளமா எழுதுங்க. ரிசல்ட்டை நிறுத்தி வப்பாங்க. என்கொயரி வரும். எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? திங்கக்கிழமை கம்பெனி வந்துட்டுப் போயிரும்" என்றார்.

திங்கட்கிழமை கழிந்த பிறகு நான் எழுதத்தான் செய்தேன். டேப்பைப் பற்றி, நாப்பைப் பற்றி, எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த செமஸ்டர் அந்தக் கல்லூரிக்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த அறையில் அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் லேபில் வயர்களைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கதவு திறந்துதான் இருந்தது. நான் போட்ட சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான், "நீ போ, நான் பேசிக்கிடுதேன்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"தப்பு எம்மேலதான் சார். சாரி சார்" என்றாள். "நாப்பைத் திருப்பியிருக்கணும்."

காலையில் பெயிலானாலும் ஆகட்டும் என்று திருப்பாமல் நின்றவள் அவள்தான். பஸ்ஸில் சில்லறையை எடுத்துக் கொடுக்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இப்பவாவது புரிஞ்சுதே" என்றார் அவர். பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தார். நிதானமாக, பெயருக்குக் கீழே கோடெல்லாம் இழுத்து வைத்தார். எனக்கு அந்தத் தாளைத் தொடவே கூசியது. கவரில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்துவிட்டு, வழக்கமாக எக்ஸ்டர்னலுக்குக் கொடுக்கிற அன்பளிப்பு எதையும் வாங்காமல் வெளியே வந்தேன்.

வராந்தாவின் கோடியில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மலைமேல் சிக்னல் சரியாகக் கிடைக்காது போலிருக்கிறது. கத்திக் கத்திப் பேசினாள். இன்டர்னல் எனக்குப் பின்னாலேயே வந்து லேப் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"அம்மா, பாஸு... பாஸாயிட்டேன்... நெசமாத்தாம்மா. வெளியருந்து வந்த மேம் முழு மார்க் போட்டாங்க. திங்கக்கிழமை கம்பெனிக்குப் போலாம்."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"போன தடவையா?" என்றாள். "அது நாந்தாம்மா. நீ சொன்ன மாதிரி, ஒழுங்காப் படிக்காமப் போயிட்டேன்."